ஆல்ஃபா சென்டாரியை எடை போட்ட விதம்

"ஆல்ஃபா சென்டாரி ஏ விண்மீனின் நிறை சூரியனைப்போல் 1.08 மடங்கு என்று எழுதுகிறீர்கள். அங்கே யாரும் போனதில்லை, எந்தக் கருவியும் போனதில்லை. பிறகு எப்படி இரண்டு தசம இடம்வரை சொல்ல முடிகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மிகவும் நியாயமான கேள்வி. ஒரு விண்மீனின் நிறமாலையைப் பார்த்து அதன் வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். அதில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்பதையும் சொல்லிவிடலாம். நிறையை மட்டும் அப்படி நேரடியாகப் படித்துவிட முடியாது. நிறை தன்னைக் காட்டிக்கொள்வது ஈர்ப்பின் வழியாகத்தான். ஈர்ப்பைக் காண வேண்டுமானால் ஈர்க்கப்படும் இன்னொரு பொருள் அருகில் இருக்க வேண்டும். ஆல்ஃபா சென்டாரிக்கு அப்படி ஒரு துணை வாய்த்திருக்கிறது.

சுமார் 4.3 ஒளியாண்டு தொலைவில், தென்சிலுவைக்குக் கிழக்கே ஒளிரும் இந்த விண்மீன், வெறும் கண்ணுக்கு இரவு வானின் மூன்றாவது பிரகாசமான விண்மீனாகத் தெரிகிறது. தொலைநோக்கியில் அது இரண்டாகப் பிரியும். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த ழான் ரிஷோ என்ற இயேசு சபைத் துறவி, ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த இரட்டையைக் கண்டறிந்தார். பிரகாசமானது ஏ, சற்று மங்கியது பி. ஒன்றையொன்று சுற்றிவர அவை எடுத்துக்கொள்ளும் காலம் 79.8 ஆண்டுகள்.

கெப்ளரின் மூன்றாம் விதி பள்ளியிலேயே படித்ததுதான். நியூட்டன் அதற்குத் தந்த வடிவில், இரு பொருள்களுக்கு இடையிலான சராசரித் தொலைவை வானியல் அலகிலும் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு ஓர் அலகு) சுற்றுக்காலத்தை ஆண்டுகளிலும் எடுத்துக்கொண்டு, தொலைவின் மும்மடியைக் காலத்தின் இருமடியால் வகுத்தால், இரண்டின் மொத்த நிறை சூரிய நிறைக் கணக்கில் கிடைத்துவிடும். காலம் தெரியும். தொலைவுதான் சிக்கல், ஏனென்றால் வானத்தில் நாம் பார்ப்பது உண்மையான பாதையை அன்று. பி செல்லும் நீள்வட்டத்தின் தளம் நமக்கு முழு முகம் காட்டும் நிலையிலிருந்து சுமார் 79 பாகை சாய்ந்து, ஏறக்குறைய விளிம்பு மட்டுமே தெரியும்படி கிடக்கிறது. ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்தால் அதன் வட்ட விளிம்பு ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரிவதுபோல, இங்கே நீள்வட்டமே ஒடுங்கி வேறொரு நீள்வட்டமாகத் தெரிகிறது. அந்த ஒடுங்கிய படத்திலிருந்து உண்மையான பாதையை மீட்டெடுப்பது எப்படி?

இந்தத் துறையில் என்னை மிகவும் மயக்கிய பகுதி இதுதான். கணக்கின் வசதிக்காக ஏ அசையாமல் நிற்பதாகக் கொண்டு, அதைச் சுற்றி பி செல்லும் பாதையை மட்டும் வரைவோம். உண்மையான பாதையில் ஏ இருக்க வேண்டிய இடம் நீள்வட்டத்தின் ஒரு குவியம்; இதில் விலக்கே கிடையாது. ஆனால் படம் ஒடுங்கும்போது எல்லாப் புள்ளிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நீள்வட்டத்தின் மையம், தோற்ற நீள்வட்டத்துக்கும் மையமாகவே அமைகிறது. குவியமோ தோற்ற நீள்வட்டத்தின் குவியத்தில் போய் விழுவதில்லை. இடம் தவறி எங்கோ நிற்கிறது. அப்படி இடம் தவறிய தொலைவும் திசையும்தான் பாதை எவ்வளவு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை நமக்குக் காட்டிக்கொடுக்கின்றன.

ஒடுங்கிய பிறகும் மாறாமல் நிற்பவை இரண்டு உண்டு. முதலாவது, எல்லாப் பரப்புகளும் ஒரே விகிதத்தில் குறுகுவதால், ஏ-வையும் பி-யையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பைக் கடக்கும் என்ற கெப்ளரின் இரண்டாம் விதி தோற்றப் பாதையிலும் அப்படியே செல்லும். ஆகவே, வரைந்த பாதை சரிதானா என்று ஒவ்வோர் ஆண்டின் அளவையும் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். இரண்டாவது, ஒரே கோட்டில் உள்ள தொலைவுகளின் விகிதம் மாறுவதில்லை. தோற்ற நீள்வட்டத்தின் மையத்திலிருந்து ஏ வழியாக ஒரு கோடு இழுத்து, அது பாதையைத் தொடும் இடம்வரை அளந்து, அந்த நீளத்தால் மையத்துக்கும் ஏ-வுக்கும் உள்ள தொலைவை வகுத்தால், உண்மைப் பாதையின் மையப்பிறழ்வு, அதாவது அது வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீண்டிருக்கிறது என்பதன் அளவு, நேராகவே வந்து விழுகிறது: 0.52. சாய்வு எவ்வளவு என்று தெரியாமலே, ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு இதைப் பெற்றுவிடலாம் என்பது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இவ்வாறு மீட்டெடுத்த பாதையின் பாதி நெட்டச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீளத்தில் பாதி, வானத்தில் 17.5 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு). மேலே சொன்ன சராசரித் தொலைவு இதுதான். இந்த விண்மீனின் இடமாறு தோற்றம் 0.75 விகலை, அதாவது அங்கிருந்து பார்த்தால் ஒரு வானியல் அலகு அவ்வளவு கோணமாகத் தெரியும். வகுத்தால் 23.3 வானியல் அலகு. அதன் மும்மடியை 79.8-இன் இருமடியால் வகுத்தால் ஏறத்தாழ 1.99. இரண்டும் சேர்ந்து இரண்டு சூரியன்களுக்குச் சற்றே குறைவு.

இனி இதைப் பிரிக்க வேண்டும். உண்மையில் இரண்டுமே பொதுவான நிறை மையத்தைச் சுற்றுகின்றன. கனமானது மெதுவாகவும் இலேசானது வேகமாகவும் செல்லும். விண்மீன் நம்மை நோக்கி வரும்போதும் விலகும்போதும் டாப்ளர் விளைவால் நிறமாலைக் கோடுகள் இடம் பெயரும் அளவிலிருந்து இருவரின் வேக மாற்றங்களையும் அளந்து ஒப்பிட்டால், நிறைகளின் விகிதம் தலைகீழாகக் கிடைக்கும். சாய்வு இரண்டையும் சமமாகவே பாதிப்பதால் இந்த விகிதத்தைக் கெடுப்பதில்லை. ஏ 1.08, பி 0.91.

இந்த எண்களுக்குப் பின்னால் பல தலைமுறைகளின் அளவீடுகள் இருக்கின்றன. 1750-களில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் அளந்தார். 1830-களில் அதே முனையில் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் அளந்தார். 80 ஆண்டு நீளும் ஒரு சுற்றை முழுதாகத் தொடர ஒருவருடைய பணிக்காலம் போதாது. ஆராய்ச்சிக்கு மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று நிதி ஒதுக்கி, அதற்குள் முடிவைக் காட்டச் சொல்லும் முறை இத்தகைய வேலைக்குச் சற்றும் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. பரபரப்பில்லாமல் ஆண்டுதோறும் ஓர் அளவைக் குறித்துவைக்கும் பணிக்கும் அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும்.

ஏ, பி இரண்டுக்கும் நிறையில் உள்ள வேறுபாடு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒளியிலோ ஏ மூன்று மடங்கு. சிறிது நிறை கூடினாலும் உள்ளே நடக்கும் அணுக்கரு இணைவு எவ்வளவு விரைவாகிறது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது. இப்படிப் பல இரட்டைகளை அளந்துதான் நிறைக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பை வானியலாளர்கள் வகுத்தார்கள்; துணையற்ற விண்மீன்களின் நிறையைக் கணிக்கவும் அதையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். இதே குடும்பத்தின் மூன்றாவது உறுப்பினரான பிராக்சிமா சென்டாரி அதற்கு நல்ல உதாரணம். 1915-இல் ராபர்ட் இன்னஸ் கண்டறிந்த இந்தச் செங்குறுமீன் (சிவந்து மங்கிய சிறு விண்மீன்), மற்ற இரண்டிலிருந்தும் சுமார் 13,000 வானியல் அலகு விலகி, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பாதையை அளந்து அதை எடை போட முடியாது. அதன் நிறை சூரியனில் சுமார் 0.12 பங்கு என்ற கணிப்பு, வேறு இரட்டைச் செங்குறுமீன்களின் சுற்றுப்பாதைகளை அளந்து உருவாக்கிய அந்தத் தொடர்பிலிருந்தே வந்தது.