‘என் சொந்தப் பொறுப்பு’ கையெழுத்து ஜிம் மாஸ்டரைக் காப்பாற்றுமா?

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் பல ஜிம்களில் சேரும்போதே ஒரு தாளை நீட்டுவார்கள்: ‘எது நடந்தாலும் என் சொந்தப் பொறுப்பு’. அந்தக் கையெழுத்தை நம்பி, இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவரையும் சர்க்கரைக்காரரையும் இளவட்டங்களோடு சேர்த்து ஸ்குவாட் போடவிடும் மாஸ்டர்கள் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

பணம் வாங்கிச் சொல்லிக்கொடுத்தால் அது சேவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி அலட்சியமும் சேவைக் குறைபாடுதான். பாதிக்கப்பட்டவர் 2 ஆண்டுக்குள், தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஜிம்முக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பயிற்சியில் இயல்பாக வரும் தசைவலி, சுளுக்குக்கு வேண்டுமானால் அந்தத் தாள் உதவும். மாஸ்டரின் அலட்சியத்துக்கு உதவாது. பாக்சிங் கற்க வரும் பிள்ளைகளிடம் வாங்கும் கையெழுத்து இன்னும் மோசம்: 18 வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. பூங்காவில் இலவசமாக யோகா சொல்லித்தருபவர்மேல் நுகர்வோர் வழக்கு வராது. சிவில் வழக்கும் போலீஸ் வழக்கும் வரலாம்.

போலீஸ் வழக்கு என்றால், 1.7.2024 முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பிரிவு 106(1)-ன் கீழ் 5 ஆண்டு வரை சிறை. சிகிச்சையின்போது நேர்ந்தால் டாக்டருக்கு 2 ஆண்டுதான் உச்சம். ஆனால் அந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும். பிசியோதெரபிஸ்டுக்கும் ஜிம் மாஸ்டருக்கும் கிடையாது. வேலை நேரத்தில் மாஸ்டர் செய்த தவறுக்கு ஓனரும் நஷ்டஈடு தரவேண்டி வரும்.

உண்மையில் காப்பது, சேரும் நாளிலேயே எழுதி வாங்கும் விவரம்: நெஞ்சுவலி, மயக்கம், ஆபரேஷன், கர்ப்பம், சாப்பிடும் மாத்திரைகள். பிபி, இதய நோய்க்குத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. ‘துடிப்பு ஏறவில்லையே’ என்று நம்பி வேகத்தைக் கூட்டினால் ஆபத்து. இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் காலை 5.30-க்கு வருபவருக்குச் சர்க்கரை இறங்கும். கைநடுக்கம், வியர்வை கண்டால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். டாக்டர் கடிதத்தில் ‘உடற்பயிற்சி செய்யலாம்’ என்று மட்டும் இருந்தால் போதாது. எதைச் செய்யக்கூடாது என்று கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது இதற்கப்புறம்தான். ஃபாரம் டிராயருக்குள் போய்விடும். சாயங்கால ஷிப்ட் மாஸ்டருக்கு ஒன்றும் தெரியாது. ‘தெரிந்தே செய்தார்’ என்பதற்கு அந்த ஃபாரமே சாட்சியாகிவிடும். பிபி உள்ளவர் பெயருக்கு எதிரே ‘மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கக்கூடாது’ என்று தினசரி வருகைப் பதிவிலேயே எழுதி வையுங்கள்.

விபத்து நடந்தால் முதலில் 108. நேரம், என்ன பயிற்சி, எத்தனை கிலோ என்று அன்றே எழுதுங்கள். சிசிடிவி பதிவை அழிக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனாலும் வேறு எங்கு போனாலும், எப்படி அடிபட்டது என்பதைச் சொல்லிப் பதியவைத்து, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்கவேண்டும். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்தால் போதும்.