தாடை எலும்புக் குழிக்குள் பிஆர்பி: எலும்பை வளர்ப்பது அதுதானா?

"டாக்டர், நம்ம ரத்தத்துலேயே எடுத்து வைப்பாங்களாமே, அதை வச்சா எலும்பு சீக்கிரம் வளர்ந்திடுமாமே?" கீழ்த்தாடையில் நீர்க்கட்டியோடு அப்பாவைக் கூட்டிவந்த மகன் கேட்டார். அப்பாவுக்குப் பல வருடச் சர்க்கரை. சட்டைப் பையில் பீடிக்கட்டு.

அவர் கேட்டது பிஆர்பியைப் பற்றி. நோயாளியின் ரத்தத்தைக் குழாயில் எடுத்துச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் மஞ்சள் நீரில் பிளேட்லெட்டுகள் திரண்டிருக்கும் பகுதிதான் பிஆர்பி. சாதாரண ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் பிளேட்லெட் இருக்கும். இதில் 10 லட்சம் அளவுக்கு எதிர்பார்க்கிறோம்.

பிஆர்பி உறைந்த ஒரு மணி நேரத்துக்குள் பிளேட்லெட்டுகள் தங்களிடமுள்ள வளர்ச்சிக் காரணிகளில், அதாவது செல்களை வரவழைத்துப் பெருகத் தூண்டும் புரதங்களில், பெரும்பகுதியைக் கொட்டிவிடும். கட்டியை எடுத்த குழி எலும்பால் நிரம்பவோ மாதங்கள் ஆகும். அந்த வேலையைச் செய்பவை எலும்பு செல்களும் புது ரத்தக் குழாய்களும்தான். பிளேட்லெட் அவற்றைக் கூப்பிடும், அவ்வளவுதான்.

1998-இல் அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 88 பேர். தாடையில் 5 சென்டிமீட்டருக்கு மேல் எலும்பே இல்லாதவர்கள். பிஆர்பி சேர்த்தவர்களுக்கு எலும்பு வேகமாக முதிர்ந்தது உண்மை. ஆனால் எல்லோருக்கும் அவரவர் எலும்பை எடுத்து ஒட்டு வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் வருவதற்கு அங்கே செல்கள் இருந்தன. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செயற்கை எலும்புத் தூளோடு கலந்து செய்த பிற்கால ஆய்வுகளில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

சுற்றிலும் எலும்புச் சுவர் நன்றாக இருக்கும் சிறிய குழி, உறைந்த ரத்தத்தை வைத்தே தானாக நிரம்பிக்கொள்ளும். கீழ் ஞானப்பல் எடுத்த இடம் கொஞ்சம் வேறு கதை. அதே ரத்தத்தை எதுவும் கலக்காமல் சுழற்றி உறையவைத்தால் கிடைக்கும் பிஆர்எஃப்பை அங்கே வைத்தால், குழி காய்ந்து வலி பிடுங்குவது குறைகிறது. அதற்கு நானும் வைக்கிறேன்.

இன்னொன்று: எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை வலுவாக்கும் ஊசி, மாத்திரை எடுத்திருந்தால் பல் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியுமளவுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் பிஆர்பியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

சரி, அந்த அப்பா? அவசரம் இல்லாத கட்டி என்பதால் முதலில் சர்க்கரையைக் குறைக்க அனுப்பினேன். பீடியை விடச் சொல்லி வீட்டம்மாவிடமும் பேசினேன். அப்புறம்தான் அறுவை. பிஆர்பி வைக்கவில்லை. ஏழாம் மாத எக்ஸ்ரேயில் ஓரங்களிலிருந்து எலும்பு வெள்ளையாக ஏறி வந்திருந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் கருப்பு. அடுத்த படம் ஆறு மாதம் கழித்து.