ப்ளீட் என்றால் கொசுவம்

தையல்கடையில் ‘ப்ளீட்’ என்கிறோம். தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘மடிப்பு’ என்று போட்டுவிடுகிறோம். மடிப்பு பிழையில்லை. ஆனால் காகிதத்தை மடித்தாலும் மடிப்பு, வேட்டியை மடித்துக் கட்டினாலும் மடிப்பு. துணியை ஒரே அளவில் அடுத்தடுத்து மடித்து அடுக்குவதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது: கொசுவம்.

ப்ளீட்டின் வேர் லத்தீன் மொழியின் ‘ப்ளிகாரே’, அதாவது மடித்தல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கொசுவமோ ‘கொய்சகம்’ என்பதிலிருந்து மருவியது. பூப்பறிப்பது மட்டுமல்ல, சீலையை மடித்துச் சுருக்குவதும் கொய்தல்தான். யாழ்ப்பாணத்தில் ‘கொய்யகம்’ என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வடிவம் அது.

இந்தச் சொல் எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஸ்காட்லாந்து ஆண்கள் பாவாடைபோல இடுப்பில் உடுத்தும் கில்ட்டில் பார்க்கலாம். ‘கில்ட்’ முதலில் ஒரு வினைச்சொல். ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்தது. உடையைத் தூக்கிச் செருகுதல் என்று பொருள். மலைநாட்டார் அன்று உடுத்தியது தைக்காத நீளத் துணி. ஒவ்வொரு முறையும் கையால் கொசுவி, மேலே வார்ப்பட்டை கட்டினார்கள். கொசுவத்தைத் தைத்தே நிறுத்தும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது. முன்பக்கம் தட்டை, கொசுவமெல்லாம் பின்னால். பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டிய நம் பாட்டிமாருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

முழு கில்ட்டுக்கு 8 கஜம் கம்பளித் துணி வரை போகும். அதன் கட்டக்கோலம் மடித்த பிறகும் பின்பக்கம் குலையாமல் தொடரவேண்டும் என்றால், ஒவ்வொரு கொசுவமும் ஒரு முழுக் கோலத்தை உள்ளே விழுங்கி, அந்தக் கோலத்தின் அடுத்த பகுதியை மட்டும் வெளியே காட்டவேண்டும். ஒவ்வொன்றையும் இடுப்பிலும் அதற்குக் கீழே பிட்டத்தின் அகலமான இடத்திலும் குண்டூசி குத்தி நிறுத்துவார்கள். இடுப்பு குறுகல் என்பதால் மேலே போகப் போக மடிப்பின் அகலம் குறையும். 25 கொசுவத்தில் ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் தவறினால் இடுப்பளவே ஏறத்தாழ 1 அங்குலம் மாறிவிடும். ஆகவே அளந்து, கையால், பொடித் தையலாக இடுப்பிலிருந்து பிட்டம் வரை மட்டும் தைப்பார்கள். அதற்குக் கீழே விசிறிபோல விரிய விட்டுவிடுவார்கள்.

ஆக, இந்த வேலையைத் தமிழில் ‘கொசுவம் வைத்துத் தைத்தல்’ என்று தயங்காமல் எழுதலாம். நூலை இழுத்துத் துணியைக் குவிப்பது வேறு. அதற்குச் ‘சுருக்கு’ என்ற சொல் இருக்கிறது. அங்கே மடிப்புக்கு அளவு கிடையாது.