எஸ்கார்ட்: வழித்துணைக் கப்பல்

கடற்படைச் செய்திகளில் 'எஸ்கார்ட்' என்று வரும் இடத்தில் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் 'பாதுகாப்புக் கப்பல்' என்று எழுதுகின்றன. பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் துறைமுக வாயிலில் சுற்றிவரும் ரோந்துப் படகும் பாதுகாப்புக் கப்பல்தான். எஸ்கார்ட் கப்பலோ ஓரிடத்தைக் காப்பதில்லை. போகிற ஒருவரோடு கூடப் போகிறது. அந்தப் பொருள் மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிடுகிறது.

சொல்லின் வேர் இத்தாலிய மொழியில் இருக்கிறது. 'ஸ்கோர்ஜெரே' என்றால் கண்டுகொள்ளுதல், வழிகாட்டுதல். அதற்கும் அடியில் 'நேர்ப்படுத்து' என்னும் பொருளுள்ள லத்தீன் வினை. அதிலிருந்து 'ஸ்கோர்தா' பிறந்து, பிரெஞ்சில் 'எஸ்கோர்த்' ஆகி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. ஆக, வேரில் இருப்பது வழி. காவல் பிறகு வந்து சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் சொல் தமிழில் முன்பே உண்டு: வழித்துணை. வேலூர் அருகே விரிஞ்சிபுரத்துச் சிவனுக்கு வழித்துணைநாதர் என்றே பெயர். கள்வருக்கு அஞ்சிய மிளகு வணிகனுக்கு வீரன் உருவில் கூடவே நடந்தார் என்பது தலபுராணம். அதுதான் எஸ்கார்ட். சரக்கு வணிகனுடையது, ஆயுதம் துணைவனுடையது.

விமானந்தாங்கிக் கப்பலின் நிலையும் அந்த வணிகனின் நிலைதான். பிரிட்டனின் குயீன் எலிசபெத் சுமார் 65,000 டன், 280 மீட்டர் நீளம். இருந்தும் தற்காப்புக்கு அதனிடம் இருப்பவை ஃபேலங்க்ஸ் போன்ற குறுந்தூரப் பீரங்கிகள். வான்காப்பு ஏவுகணை கிடையாது. பிரான்சின் ஷார்ல் தெ கோல் கப்பலில் ஆஸ்டர் ஏவுகணைகள் உண்டு, அமெரிக்கக் கப்பல்களிலும் தற்காப்பு ஏவுகணைகள் உண்டு. பிரிட்டிஷ் கப்பல் அந்தப் பொறுப்பை முழுவதும் துணைக் கப்பல்களிடம் ஒப்படைத்திருக்கிறது. எனவே துணை மெலிந்தால் மற்ற நாட்டுக் கப்பல்களைவிட இதற்குத்தான் ஆபத்து அதிகம்.

துணை என்றால் எத்தனை? நடைமுறைக் கணக்கு இப்படி: வான்காப்புக்கு இரண்டு டிஸ்ட்ராயர், நீர்மூழ்கி எதிர்ப்புக்கு இரண்டு ஃபிரிகேட், ஒரு தாக்கு நீர்மூழ்கி, எரிபொருளும் சரக்கும் ஏற்றிய துணைக்கலங்கள். இரண்டு இரண்டாக ஏன்? பிரிட்டனின் டைப் 45 டிஸ்ட்ராயரில் 48 ஏவுகணைக் குழாய்கள். தீர்ந்தால் நடுக்கடலில் நிரப்ப முடியாது, துறைமுகம் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் இன்னொன்று இருந்தாக வேண்டும். நீர்மூழ்கியைத் தேடும் டைப் 23 ஃபிரிகேட் ஒலியுணர் வடத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. வேகம் கூடினால் தன் சத்தத்திலேயே அதன் காது அடைத்துப்போகும். எனவே விரைந்து முன்னே ஓடி, பிறகு மெதுவாக்கிக் காது கொடுக்க வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றது கேட்க வேண்டும்.

இங்கே இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். டிஸ்ட்ராயரை 'நாசகாரி' என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதிவந்தன. கேட்டால் ஊரையே அழிக்க வந்தது போலிருக்கும். உண்மையில் 1890களில் அதன் முழுப்பெயர் 'டார்பிடோ படகு டிஸ்ட்ராயர்'. நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோவோடு பெரிய கப்பல்களைத் தேடிவரும் சிறு படகுகளை விரட்டுவதற்கென்றே கட்டப்பட்டது. முன்பாதி உதிர்ந்ததால் காவலனே கொலைகாரன் ஆகிவிட்டான்.

துணையைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1939 செப்டம்பர் 17 சான்று. கரேஜியஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக்கு அன்று நான்கு டிஸ்ட்ராயர்கள் துணை. நீர்மூழ்கித் தாக்குதலுக்கு ஆளான வணிகக் கப்பலுக்கு உதவ அவற்றில் இரண்டு போய்விட்டன. விமானங்களை ஏவவோ இறக்கவோ வேண்டுமானால் கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்பியாக வேண்டும். திரும்பியது, ஜெர்மன் நீர்மூழ்கி யு-29இன் முன்னால். இரண்டு டார்பிடோக்கள் பட்டன; கப்பல் இருபது நிமிடத்துக்குள் மூழ்கியது, 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

குயீன் எலிசபெத் 2017இல் கடலோட்டத்துக்குக் கிளம்பியபோது பிரிட்டனிடம் ஏட்டளவில் 6 டைப் 45, 13 டைப் 23, ஆக 19 துணைக் கப்பல்கள். டைப் 45 முதலில் 12 கேட்கப்பட்டது. அது 8 ஆகி, 6 ஆனது. ஒரு கப்பல் கடலில் இருக்க, ஒன்று பயிற்சியில், ஒன்று பழுதுபார்ப்பில் என்பது கடற்படைகளின் பொதுக் கணக்கு. ஆறில் கிடைப்பது இரண்டு. அந்த இரண்டும் விமானந்தாங்கியோடு போய்விட்டால் வேறு வேலைக்கு ஒன்றும் மிஞ்சாது.

அந்த ஆறிலும் ஒரு நோய் இருந்தது. டைப் 45இல் ராடாரும் உந்துபொறியும் மின்சாரத்தால் ஓடுபவை. அந்த மின்சாரத்தைத் தரும் டபிள்யூஆர்-21 வாயுச் சுழலியில் உள்ள இடைக்குளிர்விப்பான் வெதுவெதுப்பான கடலில் திணறும், சுழலி நின்றுபோகும். முழுப் பளுவும் தலா 2 மெகாவாட் கொண்ட இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் மேல் விழ, தாங்காமல் அவையும் விடைபெறும். ராடார், உந்துவிசை, விளக்கு எல்லாம் ஒன்றாக அணையும். இதற்கு மருந்து, அந்த இரண்டையும் எடுத்துவிட்டுப் பெரிய ஜெனரேட்டர் மூன்றை வைப்பது. அதற்கு ஒவ்வொரு கப்பலாகத் தளத்துக்குப் போக வேண்டும், எண்ணிக்கை இன்னும் குறையும். 2021இல் குயீன் எலிசபெத் ஆசியப் பயணம் போனபோது டிஃபெண்டர், டயமண்ட் என்ற இரண்டு டைப் 45 கப்பல்கள் கூடப் போயின. டயமண்ட் வழியில் பழுதாகி இத்தாலியில் ஒதுங்கியது. அந்தப் பயணத்தில் ஓர் அமெரிக்க டிஸ்ட்ராயரும் ஒரு டச்சு ஃபிரிகேட்டும் துணைக்கு இருந்தன.

ஆனால் 2017இல் ஊர் பேசியது இதையல்ல, குயீன் எலிசபெத்தின் கணினித் திரையில் தெரிந்த விண்டோஸ் எக்ஸ்பியை. கப்பலைப் பார்க்கப்போன செய்தியாளர்கள் ஓர் அறையில் அதைக் கண்டார்கள். 2001இல் வந்த அந்த மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்தியிருந்தது. வன்னாகிரை என்னும் கணினிப் புழு பிரிட்டனின் மருத்துவமனைகளை முடக்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. எனவே பரபரப்பு புரிகிறது. காரணமும் விளங்கக்கூடியதே: கப்பல் ஒப்பந்தம் 2008இல் கையெழுத்தானது. கருவிகளின் வடிவமைப்பை ஒரு கட்டத்தில் உறையவைத்தால்தான் கட்ட முடியும். பிறகு மென்பொருளை மாற்றினால் இணைந்த ஒவ்வொரு கருவியையும் மறுபடி சோதித்துச் சான்று பெற வேண்டும். 50 ஆண்டு உழைக்க வேண்டிய கப்பலில் 12 ஆண்டு ஆயுளுள்ள மென்பொருள்.

கப்பலின் கணினிப் பிணையத்தை வெளியுலகிலிருந்து தனிமைப்படுத்திவிட்டோம் என்பது வழக்கமான பதில். அது உடைவது பெரும்பாலும் பராமரிப்புக்கு வருபவரின் மடிக்கணினியிலோ யுஎஸ்பி குச்சியிலோதான். 2009 ஜனவரியில் கான்ஃபிக்கர் புழு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அலுவலகக் கணினிகளுக்குள் புகுந்தது. அதற்கான திருத்தம் 2008 அக்டோபரிலேயே வெளியாகியிருந்தது, நிறுவப்படவில்லை. எனவே 'பழைய மென்பொருள்' என்பது துல்லியமல்ல. பழமை குற்றமல்ல, திருத்தம் வராததும், வந்ததை நிறுவாததும்தான் குற்றம். முன்னதை 'பராமரிப்பு முடிந்த மென்பொருள்' என்றும் பின்னதை 'திருத்தம் நிறுவாத மென்பொருள்' என்றும் பிரித்து எழுதலாம்.

எஸ்கார்ட் கப்பலுக்கு வழித்துணைக் கப்பல் அல்லது வழித்துணைக் கலம்; அவற்றின் கூட்டம் வழித்துணை அணி. 'எஸ்கார்ட் செய்தது' என்பதற்கு 'வழித்துணை சென்றது'. டிஸ்ட்ராயர், ஃபிரிகேட் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம், நாசகாரி வேண்டாம்.