கருகிப்போன சுருள்களைத் திறக்காமலே படிப்பது எப்படி?

1752-ஆம் ஆண்டு, இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே பூமிக்கடியில் சுரங்கம் குடைந்து பழங்காலச் சிலைகளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் கையில் சில கறுப்பு உருளைகள் அகப்பட்டன. கரிக்கட்டைகள் என்றே முதலில் நினைத்தார்கள்; சில குப்பைக்கும் போயின. உடைந்த ஒன்றில் எழுத்து தென்பட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அவை புத்தகங்கள். பாப்பிரஸ் தாளில், பெரும்பாலும் கிரேக்க மொழியில் எழுதி, சுருட்டி வைக்கப்பட்ட ஒரு நூலகம்.

கிரேக்க, ரோமானிய உலகத்திலிருந்து ஒரு நூலகம் நூலகமாகவே நமக்குக் கிடைத்திருப்பது இங்கே மட்டும்தான். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று இன்று நாம் படிக்கிறதெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் கையால் படியெடுக்கப்பட்டு வந்தவை. படியெடுத்தவர்களுக்கு எது வேண்டியிருந்ததோ அது பிழைத்தது. மற்றது போயே போய்விட்டது. ஹெர்குலேனியம் ஊரில் கிடைத்த இந்தச் சுருள்களிலோ இடையில் யாரும் கை வைக்கவில்லை. அதனால்தான் கரியாகிப்போன ஒவ்வொரு உருளையும் இவ்வளவு பெறுமதி உடையது.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பேயின் மேல் முதலில் நுரைக்கல்லும் சாம்பலும் பொழிந்தன. ஹெர்குலேனியத்துக்கு வந்தது வேறு. சில நூறு டிகிரி வெப்பத்தில் வாயுவும் சாம்பலும் கலந்த வெள்ளம் மலைச்சரிவில் பாய்ந்து இறங்கி, ஊரை ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்துக்குப் புதைத்தது. கடலைப் பார்த்தபடி நின்ற ஒரு பெரிய மாளிகையும் அதற்குள் போனது. அது ஜூலியஸ் சீசரின் மாமனார் பீசோவின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்திருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். உள்ளே கிடைத்த சுருள்களால் இன்று அதற்கு ‘பாப்பிரஸ் மாளிகை’ என்றே பெயர்.

அந்தச் சூட்டில் தாள் ஏன் எரிந்து சாம்பலாகவில்லை? எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். சூடான சாம்பல் சட்டென்று எல்லாவற்றையும் மூடிவிட்டதால் காற்று உள்ளே போக வழியில்லை. பாப்பிரஸிலிருந்த நீரும் எளிதில் ஆவியாகும் பொருள்களும் வெளியேறிவிட, கார்பன் மட்டும் அதே வடிவத்தில் நின்றுவிட்டது. அப்படிக் கருகியதே நல்லதாகப் போயிற்று. இத்தாலியின் ஈரமண்ணில் சாதாரணப் பாப்பிரஸ் தங்கவே தங்காது, மட்கிவிடும். கிரேக்கத்தில் 1962-இல் ஒரு கல்லறைக்கு அருகே கிடைத்த தெர்வேனி பாப்பிரஸும் சிதை நெருப்பில் கருகியதால்தான் தப்பிப் பிழைத்தது.

கரியாகிவிட்ட சுருளை விரிப்பது பெரும்பாடு. தொட்டால் உதிரும். முதலில் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தார்கள். கிடைத்ததைவிட இழந்தது அதிகம். 1753-இல் வத்திக்கானிலிருந்து வந்த அந்தோனியோ பியாஜியோ என்ற துறவி ஒரு கருவி செய்தார். சுருளின் முதுகுப்பக்கம் மெல்லிய தோல்சவ்வை ஒட்டி, பட்டு நூல்களில் தொங்கவிட்டு, தன் எடையாலேயே மெதுவாகப் பிரியச் செய்தார். முதல் சுருளுக்கே ஆண்டுக்கணக்கானது. இன்பமே வாழ்வின் குறிக்கோள் என்று போதித்த கிரேக்க ஞானி எபிக்யூரஸின் வழிவந்த பிலோதெமஸ் என்ற தத்துவஞானியின் நூல்கள் நமக்குத் தெரியவந்தது அந்தப் பொறுமையால்தான்; பியாஜியோவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் முறையிலும் சுருள் துண்டுகளாகத்தான் வந்தது. வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவி 1819-இல் வந்து வாயுக்களை வைத்து முயன்றார், பெரிதாகப் பலனில்லை. 1980-களில்கூடப் பாரிஸிலிருந்த சுருள்கள் இரண்டைத் திறந்தபோது அவை நொறுங்கிப்போயின. நூற்றுக்கணக்கான சுருள்கள் இன்றும் மூடியபடியே இருக்கின்றன.

சரி, திறக்காமல் படிக்க என்ன செய்வது? மருத்துவமனையில் எடுக்கும் சிடி ஸ்கேன்தான் அடிப்படை. பொருளைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்-ரே படம் எடுத்து, கணினியில் சேர்த்து, உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் அடர்த்தி எவ்வளவு என்று கணக்கிடுவது. ஆனால் மருத்துவமனை ஸ்கேனரின் நுணுக்கம் இங்கே போதாது. ஒரு விரற்கடை தடிமனுக்குள் பல பத்து அடுக்குகள் நசுங்கிக் கிடக்கின்றன. ஆகவே 2019-இல் கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸின் குழு, பாரிஸில் உள்ள பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டின் சுருள்கள் இரண்டை இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அருகே இருக்கும் ‘டயமண்ட்’ துகள் முடுக்கிக்குக் கொண்டுபோனது. 1802-இல் நேப்பிள்ஸ் மன்னர் நெப்போலியனுக்குப் பரிசாகக் கொடுத்த ஆறு சுருள்களைச் சேர்ந்தவை அவை. டயமண்டில் சுமார் 560 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிச் சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றை வளைக்கும்போது மிகச் செறிவான எக்ஸ்-கதிர் வெளிவரும். ஒவ்வொரு சுருளின் மேடுபள்ளத்துக்கும் அச்சாகப் பொருந்தும் பெட்டி ஒன்றை முப்பரிமாண அச்சில் செய்து, அதற்குள் வைத்து ஸ்கேன் செய்தார்கள். கிடைத்த முப்பரிமாணப் படத்தில் ஒரு புள்ளியின் அளவு ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு.

அப்புறம் அந்தப் படத்துக்குள்ளேயே சுருளை விரிக்க வேண்டும். குறுக்குவெட்டில் பார்த்தால் சுழன்று சுழன்று போகும் மெல்லிய கோடு ஒன்று தெரியும், அதுதான் தாள். அந்தக் கோட்டை வெட்டுக்கு வெட்டு தொடர்ந்து போய், தாளின் பரப்பைக் கணினியில் தனியே எடுத்து, தட்டையாக்க வேண்டும். கேட்க எளிது. உண்மையில் தாள் கசங்கியிருக்கும், கிழிந்திருக்கும், பல இடங்களில் பக்கத்து அடுக்கோடு ஒட்டியே போயிருக்கும். தொடர்ந்து போகிறவர் ஓரிடத்தில் தவறி அடுத்த அடுக்குக்குத் தாவிவிட்டால் வேறொரு பத்தியின் எழுத்துகள் நடுவில் வந்து கலந்துவிடும். முதலில் இதை ஆட்கள் உட்கார்ந்து கையால்தான் குறித்தார்கள். பிறகு மென்பொருள் பாதி வேலையை ஏற்றுக்கொண்டது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு என்ன தெரிந்தது? வெறும் தாள். எழுத்து ஒன்றுகூட இல்லை.

எல்லோரையும் ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தியது இந்த இடம்தான். எக்ஸ்-ரே அடர்த்தி வேறுபாட்டைக் காட்டும். கனமான தனிமங்களை நன்றாகக் காட்டும். சாக்கடல் ஓரம் என்கேதியில் 1970-இல் கிடைத்த கருகிய எபிரேயச் சுருளைச் சீல்ஸின் குழு விரித்தபோது, அதன் மை எழுதப்பட்ட தோலைவிட அடர்த்தியாக இருந்ததால் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அது விவிலியத்தின் லேவியராகமம் என்று 2016-இல் வெளியிட்டார்கள். ஹெர்குலேனியத்தின் மை அப்படிப்பட்டதல்ல. விளக்குப் புகைக்கரியைப் பிசினும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்த மை அது. தாளும் கார்பன், மையும் கார்பன். எக்ஸ்-ரேக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் வித்தியாசம் அடியோடு இல்லாமல் போகவில்லை. பாப்பிரஸ் தாள் என்பது நாணல் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அழுத்திச் செய்தது. அதன் நார்கள் வரிவரியாகத் தெரியும். மை அந்த நார்களுக்குமேல் ஒரு மெல்லிய படலமாகக் காய்ந்து உட்காருகிறது. எனவே மை உள்ள இடத்தில் பரப்பின் தன்மை இம்மியளவு மாறும். அந்த இம்மியைக் கண்டுபிடிக்க, மாதிரிகளைப் பார்த்துக் கணினி தானே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தலாம் என்பது சீல்ஸ் குழுவின் யோசனை. பாடம் கற்பிக்க விடை தெரிந்த மாதிரிகள் வேண்டுமே? பழைய முயற்சிகளில் உடைந்த துண்டுகள் அதற்கு உதவின. அவற்றின் மேற்பரப்பு எழுத்து அகச்சிவப்புப் படத்தில் தெளிவாகத் தெரியும். அதே துண்டை எக்ஸ்-ரேயிலும் எடுத்து, இரண்டு படங்களையும் அச்சாகப் பொருத்தி, “இங்கே மை, இங்கே இல்லை” என்று கணினிக்குக் காட்டினார்கள்.

2023 மார்ச்சில் சீல்ஸும், தொழில்முனைவோர்களான நாட் ஃப்ரீட்மனும் டேனியல் கிராஸும் இந்தத் தரவையெல்லாம் இணையத்தில் திறந்துவிட்டு, ‘வெசூவியஸ் சவால்’ என்று ஒரு போட்டியை அறிவித்தார்கள். அந்த ஆண்டிலேயே கேசி ஹேண்ட்மர் என்பவர், எந்தச் செயற்கை நுண்ணறிவும் இல்லாமல், விரிக்கப்பட்ட படங்களை மணிக்கணக்கில் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்து ஒன்றைக் கவனித்தார். சில இடங்களில் பரப்பு, வற்றிய குளத்தின் சேறு போல வெடித்திருந்தது. அந்த வெடிப்புகள் எழுத்தின் வடிவில் ஓடின. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மையின் கையெழுத்தை முதலில் பிடித்தது மனிதக் கண்.

நெப்ராஸ்கா பல்கலைக்கழக மாணவர் லூக் ஃபாரிட்டர் அந்த வெடிப்புகளையே பாடமாக வைத்து ஒரு நியூரல் நெட்வொர்க்கை, அதாவது அப்படிக் கற்றுக்கொள்ளும் கணினி நிரலை, பயிற்றினார். அது இன்னும் சில வெடிப்புகளைக் காட்டியது. அவற்றையும் பாடத்தில் சேர்த்து மறுபடி பயிற்றினார். இன்னும் சில எழுத்துகள் எழுந்து வந்தன. 2023 அக்டோபரில் முதல் முழுச்சொல் அறிவிக்கப்பட்டது: ‘போர்ஃபுராஸ்’, ஊதா. பெர்லினில் ஆய்வு மாணவராக இருந்த எகிப்தியர் யூசெஃப் நாதெரும் அதே பகுதியில் அதே சொல்லைத் தனியாக எடுத்திருந்தார்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். செயற்கை நுண்ணறிவு இல்லாததை இருப்பதாகச் சொல்லும் என்று நாமே பார்க்கிறோம். இதுவும் கிரேக்கம் மாதிரி எதையோ வரைந்துவிட்டால்? வராது என்று நம்பக் காரணம் இருக்கிறது. இந்த நெட்வொர்க்குகளுக்குக் கிரேக்கம் தெரியாது, ஆல்ஃபா, பீட்டா என்ற எழுத்தே தெரியாது. ஒரு நேரத்தில் அவை முடிவு சொல்வது அரை மில்லிமீட்டர் சதுரம் போன்ற சின்னஞ்சிறு பகுதிக்கு. ஓர் எழுத்தோ அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த ஜன்னலுக்குள் ஒரு கோட்டின் துணுக்குத்தான் தெரியும். அத்தனை துணுக்குகளும் சேர்ந்து ஒழுங்கான எழுத்தாக, நேர்வரிசையில், பொருள் தரும் சொல்லாக அமைந்தால் அது தற்செயலாக முடியாது. போதாததற்கு, வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு நிரல்களை வைத்து ஒரே வாசகத்துக்கு வந்து சேர்ந்தன. படிக்கிற வேலை முழுக்கப் பாப்பிரஸ் அறிஞர்களுடையது. சொற்களுக்கு நடுவே இடைவெளியே விடாமல் எழுதப்பட்ட கிரேக்கத்தில், பாதி அழிந்த எழுத்தை இதுதான் என்று சொல்ல நேப்பிள்ஸின் ஃபெதெரிகா நிகொலார்டி போன்றவர்களால்தான் முடியும்.

2024 பிப்ரவரியில் நாதெர், ஃபாரிட்டர், சுவிட்சர்லாந்து மாணவர் யூலியான் ஷில்லிகர் மூவரும் சேர்ந்து 7,00,000 டாலர் பெரும்பரிசை வென்றார்கள். 15 பத்திகள், 2,000 எழுத்துகளுக்கு மேல்; சுருளில் ஏறத்தாழ 5 சதவீதம். உள்ளே இருந்தது இன்பத்தைப் பற்றிய ஒரு வாதம். இசையும் உணவும் பேசப்படுகின்றன. அரிதாகக் கிடைக்கிற பொருள் தாராளமாகக் கிடைப்பதைவிட இன்பமானது என்று உடனே நம்பிவிட மாட்டோம் என்கிறார் ஆசிரியர். எபிக்யூரஸ் வழியினரின் பேச்சு இது; எழுதியவர் பிலோதெமஸாகவே இருக்கலாம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக யாரும் படிக்காத வரிகள்.

அடுத்து, ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்துச் சுருள் ஒன்று 2024-இல் டயமண்டுக்குப் போனது. அதிர்ஷ்டவசமாக அதன் மையில் ஈயம் போன்ற கனமான பொருள் ஏதோ கலந்திருக்கலாம். எழுத்து எக்ஸ்-ரேயிலேயே ஓரளவு தெரிந்தது. பழங்காலச் சுருளில் நூலின் பெயர் கடைசியில், அதாவது மிக உள்ளே சுருண்ட பகுதியிலும் இருக்கும். வெளிச்சுற்றுகள் சிதைந்தாலும் உள்சுற்று பிழைத்துவிடுவதால் இது நமக்குப் பெரிய வசதி. 2025 மே மாதம் அந்தப் பெயர் படிக்கப்பட்டது: பிலோதெமஸ் எழுதிய ‘தீயொழுக்கங்கள் பற்றி’. மூடிய ஹெர்குலேனியச் சுருள் ஒன்றின் தலைப்பைத் திறக்காமலே படித்தது அதுதான் முதல் முறை.

மையைப் பிடிக்க வழி தெரிந்துவிட்டதால் இப்போது சிரமமெல்லாம் விரிப்பதில்தான். சில சென்டிமீட்டர் விரிப்பது வேறு, பல மீட்டர் நீளச் சுருளை ஓர் அடுக்குகூடத் தவறாமல் கடைசிவரை விரிப்பது வேறு. இதற்கிடையில் மாளிகையின் கீழ்த்தளங்கள் இன்னும் முழுதாகத் தோண்டப்படவில்லை, அங்கே மேலும் நூல்கள் இருக்கலாம், உடனே தோண்டுங்கள் என்று அறிஞர்கள் சிலர் வற்புறுத்துகிறார்கள். அவர்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நேப்பிள்ஸ் தேசிய நூலகத்தின் அலமாரிகளில் மூடிக் கிடக்கும் சுருள்களை முதலில் ஸ்கேன் செய்து முடிக்கட்டும் என்றே தோன்றுகிறது. மண்ணுக்கடியில் இருப்பவை 1,900 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்துவிட்டன. வெளியே வந்துவிட்டவை ஒவ்வொரு முறை கையாளும்போதும் கொஞ்சம் உதிர்கின்றன.