கைதட்டிக் கேட்டவர்தான் பணத்தை இழந்தார்

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து ஒரு அக்கா போனில் அழுதார். தக்காளி விற்ற காசு 38,000 ரூபாய் கணக்கில் இல்லை. குழு வாட்ஸ்அப்பில், விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையின் பெயரில் வந்த 'பி.எம். கிசான்' ஆப்பை இறக்கியிருக்கிறார். "நான் ஓடிபி யாருக்கும் சொல்லலையே சார்!" மூன்று வாரம் முன்பு ஆன்லைன் மோசடி பற்றிய என் விழிப்புணர்வுக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர் அவர். எனக்கு மனசு ஆறவில்லை.

"சொல்லிட்டோம், தெரிஞ்சுக்கிட்டாங்க" என்ற நினைப்பை முதலில் விடுங்கள். எங்கே போனாலும் ஒரு மணி நேரப் பேச்சு, ஒரு நோட்டீஸ், ஒரு போட்டோ. சைக்கிள் ஓட்டுவதை மைக்கில் சொல்லிக் கற்றுத்தர முடியுமா? மோசடிக்காரன் அவசரப்படுத்துவான், மிரட்டுவான். அந்த நேரத்தில் நோட்டீஸ் ஞாபகம் வராது. பழகிய கைதான் நிற்கும். 'ஓடிபி சொல்லாதே' என்று மனப்பாடம் செய்தவர், எஸ்எம்எஸ் படிக்க அந்த ஆப் அனுமதி கேட்டதும் கொடுத்துவிட்டார். ஓடிபியை அதுவே படித்துக்கொண்டது. அவர் எதற்குச் சொல்ல வேண்டும்?

அதனால் காரிமங்கலம் பக்கத்துக் குழு ஒன்றில் மைக்கைத் தொடவில்லை. தாயும் பிள்ளையுமாக, ஜோடி ஜோடியாக உட்கார வைத்தேன். பத்தாவது படிக்கும் பெண் மோசடிக்காரியானாள். "மேடம், உங்க 2,000 ரூபாய் தவணை நிக்குது, அஞ்சு நிமிசத்துல இதைத் தொடுங்க." அம்மாவின் கட்டைவிரல் திரைக்கு மேல் வந்துவிட்டது. "நில்லுடி, கடைசியில அந்த மூணு எழுத்து இருக்குது பாரு," என்று பாட்டி கையைப் பிடித்தார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. வாட்ஸ்அப்பில் இப்படி வரும் ஆப் ஃபைலின் பெயர் ஏபிகே (APK) என்று முடியும்; அந்த எழுத்துகளின் உருவத்தைப் பேத்தி தரையில் எழுதிக் காட்டியிருந்தாள்.

பிள்ளைகளுக்கு போன் அத்துபடி. ஆனால் ஆள் பேச்சிலேயே பொய்யைப் பிடிப்பது சந்தையில் பேரம் பேசிப் பழகிய பெரியவர்கள்தான். இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஆசிரியர்களே, கூட்டத்துக்குப் பெற்றோர் வரும் நாளில் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ஆப்பைத் தொடாதீர்கள், அனுப்பியது சொந்த அண்ணனாகவே இருந்தாலும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. வீடியோ காலில் எந்தப் போலீசும் கைது செய்யாது. பணம் போனால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930.

அந்த அக்கா மறுநாள் சாயங்காலம்தான் கூப்பிட்டார். வீட்டில் திட்டுவார்கள் என்று ஒரு பகலும் ஒரு இரவும் யாரிடமும் சொல்லவில்லை. திட்டாதீர்கள் ஐயா, தயவுசெய்து. முதலில் போனை வாங்கி 1930-க்குப் போடுங்கள்.