ஹோமோஃபோபியா: அச்சமா, வெறுப்பா?

தன்பாலீர்ப்பு (தம் பாலினத்தவரிடமே ஏற்படும் காதல் ஈர்ப்பு) கொண்டோரை வெறுப்பதையும் விலக்கி வைப்பதையும் குறிக்கும் 'ஹோமோஃபோபியா' என்ற சொல், 'ஹோமோஸ்' (ஒரே), 'ஃபோபோஸ்' (அச்சம்) என்னும் கிரேக்க வேர்களைக் கொண்டு ஆக்கப்பட்டது. வேர்கள் பழையவை என்றாலும் சொல் புதியது. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் வெயின்பெர்க் 1960களில் உருவாக்கிய இச்சொல் 1969இல் அச்சேறி, 1972இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவியது. தன்பாலீர்ப்பையே நோயென்று கருதிவந்த ஒரு துறைக்குள் இருந்துகொண்டு, ஆராய வேண்டியது வெறுப்பவரின் மனத்தைத்தான் என்று அவர் காட்டியதே இச்சொல்லின் பெருமை. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990 மே 17 அன்று நீக்கியது. அந்த நாளே இன்று இவ்வெறுப்புக்கு எதிரான நாளாகப் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆயினும் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலுறவு இன்னமும் குற்றமாகவே இருக்கிறது. ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இவ்வுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவிலிருந்து நாம் விடுபட்டதே 2018 செப்டம்பர் 6ஆம் நாள் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்தான்.

இதைத் தமிழில் 'அச்சம்' என்று பெயர்ப்பது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. உயரத்துக்கும் இருட்டுக்கும் அஞ்சுகிறவர் தாமே துன்புறுகிறார். இங்கே துன்பம் எதிரில் இருப்பவருக்கு. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்லும் பேருந்தில் ஒருமுறை, கையசைவில் சற்று மென்மை தெரிந்த ஓர் இளைஞர் ஜன்னலோரம் அமர்ந்திருந்தார். பாபநாசத்தில் ஏறிய கூட்டம் நெருக்கியடித்து நின்றதே தவிர, அவர் பக்கத்து இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை. பின்னாலிருந்து, ஓர் எண்ணையே வசவாக்கிய அந்தச் சொல் வந்தது; சிரிப்பும் வந்தது. நான் எழுந்துபோய் அங்கே அமர்வதற்குள் அய்யம்பேட்டை வந்துவிட்டது. மடியிலிருந்த பையை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி அவர் இறங்கிப் போனார். அந்தப் பேருந்தில் அஞ்சியவர் அவர் ஒருவரே. விதைப்பண்ணை வயலில் கலவன் பயிரை, அதாவது கலந்து முளைத்த வேற்று ரகத்தை, தேடிப் பிடுங்குவதுபோல, ஒரு மனிதரைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கும் இச்செயலுக்கு அச்சம் என்ற பெயர் தகாது.

செய்தித்தாள்களில் காணும் 'ஓரினச்சேர்க்கை எதிர்ப்பு' இன்னும் பிழையானது. இனம் என்பது பாலைக் குறிக்காது. 'சேர்க்கை' என்பதோ ஒருவரின் அன்பையும் வாழ்வையும் வெறும் உடற்செயலாகச் சுருக்கிவிடுகிறது. 'எதிர்ப்பு' என்றால் ஏதோ நியாயமான கொள்கை வேறுபாடு போலத் தோன்றுகிறது. ஆகவே மனநிலையைத் 'தன்பாலீர்ப்பு வெறுப்பு' என்றும், அதன் விளைவாக வேலையோ வாடகை வீடோ மறுக்கப்படுவதைப் 'பாலீர்ப்புப் பாகுபாடு' என்றும் பிரித்துச் சொல்வதே தெளிவு. திருநங்கையர், திருநம்பியர் ஆகிய திருநர் மீதான வெறுப்பைக் குறிக்கும் 'டிரான்ஸ்ஃபோபியா' என்பதற்குத் 'திருநர் வெறுப்பு' பொருந்தும்.

புதுச்சொல் ஊரில் நிலைக்காது என்பவர்களுக்குக் காவிரிக் கரையிலேயே சான்று உண்டு. திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதியின் ஆட்சியில் 'திருநங்கை' அரசு வழக்கில் இடம்பெற்றது. 2008இல் நல வாரியமும் அமைந்தது. தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றபோது, நாளிதழ்கள் அவரை அச்சொல்லாலேயே குறித்தன. பழைய இலக்கணமும் நமக்குத் துணை நிற்கிறது. 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி'யை, அதாவது ஆண் தன்மையிலிருந்து மாறியவரைக் குறிக்கும் பெயரை, தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் உயர்திணையோடு சேர்த்தே பேசுகிறது, அஃறிணையில் தள்ளவில்லை. இன்றும் தெருவில் திருநங்கையரை 'அது' என்று சுட்டுவோர் மீறுவது அந்த இலக்கணத்தைத்தான். அச்சுட்டையும் திருநர் வெறுப்பு என்றே எழுத வேண்டும்.